இபான் சடங்குப் பாட்டும் அதைக் கேட்டவர்களும்

போர்னியோத் தீவின் சரவாக் மாநிலத்துப் பூர்வகுடிகளுள் எண்ணிக்கையில் முதலிடம் வகிப்போர் இபான் மக்கள். அவர்களுடைய ‘கவாய்’ எனப்படும் பெருவிழாக்களில் ‘லெமம்பாங்’ என்ற சடங்குப் பாடகர் மாலையில் தொடங்கும் பாட்டு மறுநாள் காலையில்தான் நிறைவுறும். பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் நீள்வீட்டின் பொதுக்கூடமான ‘ருவாய்’ அதற்குக் களமாகும். தலைமைப் பாடகர் கைத்தடியைத் தரையில் ஊன்றித் தாளமிட்டபடி கூடம் நெடுக நடந்து பாட, பின்தொடரும் குழுவினர் மறுமொழி பாடுவர். செம்பருந்தாகத் தோன்றும் போர்த்தெய்வம் சிங்கலாங் புருங் தன் சுற்றத்தோடு விழாவுக்குப் புறப்பட்டு வரும் பயணமே பாட்டின் பொருள்.

இப்பாட்டுக்கு இருவகை அவையினர் இருந்தனர். மனிதர்கள் துவாக் என்னும் அரிசி மதுவைப் பகிர்ந்து, பேசிச் சிரித்து, இடையிடையே கண்ணயர்ந்தும் கேட்டனர். பழஞ்சொற்கள் செறிந்த பாட்டின் பொருள் இளையோர் பலருக்கு முழுதும் விளங்கியதில்லை. முதன்மை அவையினரோ அழைக்கப்பட்ட தெய்வங்களே; அவர்களுடைய மறுமொழியை, பலியிட்ட பன்றியின் ஈரலில் தெரியும் குறிகளைக் கொண்டு மூத்தோர் கணித்தனர். கேட்போரின் எதிர்வினை சடங்கின் ஓர் உறுப்பாகவே அமைந்திருந்தது என்பதே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய கிறித்தவ சமயப்பணி இந்த அவையைப் படிப்படியாகச் சுருக்கியது. 1954இல் தொடங்கப்பட்ட சரவாக் வானொலி இபான் மொழியிலும் ஒலிபரப்பியதால், வாய்மொழி மரபு கூடத்துக்கு வெளியேயும் கேட்கலாயிற்று. பெனடிக்ட் சாண்டின், ஜேம்ஸ் மாசிங் ஆகிய இபான் அறிஞர்கள் அம்மரபை எழுத்தில் காத்தனர். அவர்களது உழைப்பு இல்லாவிடில் பிற்கால இசைஞருக்கு எடுத்தாளக் கிடைத்திருக்கக்கூடியது மிகக் குறைவே.

சாந்துபோங் மலையடிவாரத்தில் 1998 முதல் நடைபெற்றுவரும் மழைக்காட்டு உலக இசை விழா, போர்னியோ இசையை நுழைவுச்சீட்டு வாங்கி வருவோர் முன் நிறுத்தியது. கூச்சிங் நகரின் நாடிங் ராப்சடி போன்ற குழுக்கள் சடங்கின் குரலையும் தாளத்தையும் சோதனை இசையாக்கியபோது, மேடைக்கும் இருக்கைக்கும் இடைப்பட்ட தொலைவு மேலும் தெளிவாயிற்று. இத்தகைய இசையைப் பொருள் விளங்காத கூச்சல் என ஒதுக்குவது முறையன்று, ஏனெனில் முழுதும் விளங்காமல் கேட்பது நீள்வீட்டிலும் இயல்பாகவே இருந்தது. தெய்வத்தை அழைக்கும் சொற்களை அழைப்பின்றி ஒலிக்கலாமா என்று மரபறிந்தோர் எழுப்பக்கூடிய வினாவோ கனமானது. கைதட்டல் அதற்கு விடையாகாது. நீள்வீட்டில் பாடியவரால் தம் பாட்டு ஏற்கப்பட்டதா என்பதை விடிந்தபின் ஈரல் குறிகளைக் கொண்டு அறிய முடிந்தது. மேடைக் கலைஞருக்கு அந்த வழி இல்லை. ஆகவே இச்சடங்குகளிலிருந்து புத்திசை படைப்போர், அரங்கேற்றத்துக்கு முன்பே நீள்வீட்டு மூத்தோர் முன் அதைப் பாடிக்காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்.