விடுமுறைக்கு ஊர் போன மாணவர்கள்

1916-ஆம் ஆண்டில் சென்னையில் பொருளாதாரம் பயின்ற மாணவர்கள் சிலர் விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, அவர்களிடம் ஒரு வினாப்பட்டியல் இருந்தது. ஊரில் எத்தனை குடும்பங்கள், நிலம் யாரிடம், குத்தகை எவ்வளவு, கூலி நெல்லா பணமா, கடன் எதற்காக என்று விசாரித்து எழுதிவர வேண்டும். கொடுத்தனுப்பியவர் கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915-இல் வந்தவர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டு உழவர்கள் நிலமிழந்த வரலாற்றை ஆராய்ந்து நூல் எழுதியவர். அத்தகைய ஒருவர், இந்தியப் பொருளாதாரத்தைப் புத்தகத்திலிருந்து மட்டும் கற்பிக்க முடியாது என்று கண்டதில் வியப்பில்லை.

இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் அறிக்கைகள் 1918-இல் நூலாக வெளிவந்தன. இருபது வயது இளைஞர்கள் திரட்டிய தகவல்களைப் பயிற்சித் தாள்களாக ஒதுக்கிவிடாமல் அறிவுச் செல்வமாக மதித்து அச்சேற்றியதே ஸ்லேட்டர் அவர்களுக்குச் செய்த பேருதவி என்று நான் கருதுகிறேன்.

பிறந்து வளர்ந்த ஊரையே அந்நியனைப்போல் நின்று கேள்வி கேட்பது எளிதன்று. அன்று கல்லூரி வாசலை மிதித்தவர்களில் பெரும்பாலோர் நிலமுள்ள, மேல்சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள். தம் வீட்டுக் களத்தில் உழைப்பவனின் கடனைக் கணக்கெடுக்கும்போது அவர்கள் தம் வீட்டின் கணக்கையும் சேர்த்தே எழுத நேர்ந்தது. திருமணத்துக்கு வாங்கிய சிறு கடனுக்காகப் பரம்பரையாகக் கட்டுண்டு கிடந்த படியாட்களின் நிலை இப்படித்தான் அச்சில் பதிவாயிற்று. கடன் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. நிலம் கைமாறினால் ஆளும் கைமாறினான்.

பதிவானதால் விடுதலை வந்துவிட்டதா? வரவில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் மத்தியச் சட்டம் 1976-இல்தான் வந்தது. இடையில் அறுபது ஆண்டுகள். வெறும் கணக்கெடுப்பு யாரையும் விடுவிப்பதில்லை என்பதை நாம் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

எனினும் அந்தக் கணக்கு வீண்போகவில்லை. 1936-37-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மீண்டும் ஆய்வாளர்களை அனுப்பினர். பின்னரும் பலர் சென்றனர். 1980-களில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டைப் பற்றி எழுதினர். 2008-இல் மீண்டும் அங்கே ஆய்வு நடந்தது. நிலவுடைமையாளரின் பிடி தளர்ந்ததும், வேளாண்மைக்கு வெளியே வேலைகள் பெருகியதும், கூலியாட்கள் நிமிர்ந்து பேசத் தொடங்கியதும் தெரியவந்தன. எங்கிருந்து எங்கே வந்திருக்கிறோம் என்று அளக்க, 1916-இல் நட்ட அந்த அளவுகோல்தான் உதவியது. 'ஸ்லேட்டர் கிராமங்கள்' என்றே இன்று ஆய்வுலகம் அவற்றை அழைக்கிறது.

ஆசிரியரின் பெயர் நிலைத்தது. மாணவர்களின் பெயர்களை நம்மில் பலர் அறியோம். இன்று இளைஞர்களைச் சமூக ஆய்வுக்கு அனுப்புகிறவர்கள் ஸ்லேட்டரிடம் கற்க வேண்டியது இதுதான்: தீர்வை முன்கூட்டியே கையில் திணிக்காமல் நல்ல கேள்விகளைக் கொடுத்தார்; கொண்டுவந்த விடைகளை மதித்தார். அவர் செய்யாமல் விட்டதும் ஒன்றுண்டு. கேள்விக்கு விடை சொன்ன படியாளின் பிள்ளை அந்த வினாப்பட்டியலைக் கையில் வாங்கும் நாள் அப்போது வரவில்லை. அவன் கேட்டிருந்தால் கேள்விகளே வேறாக இருந்திருக்கும்.