கப்பல் அளவில் ஒரு குழி

ஹவாயின் தலைநகரான ஹொனலுலுவைச் சீனர்கள் இன்றும் 'சந்தன மலை' என்று பொருள்படும் பெயராலேயே அழைக்கிறார்கள். அம்மலைச் சந்தனம் கப்பலேறித் தீர்ந்து இரு நூற்றாண்டு நெருங்குகிறது.

'இலியாஹி' எனப்படும் அம்மரம், நாம் நெற்றியில் இட்டுக்கொள்ளும் சந்தனத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. பெரும்பாலும் மலைக்காட்டு வாசி. பக்கத்துச் செடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சி வளர்வது. காண்டன் துறைமுகத்தில் ஊதுவத்திக்கும் பெட்டிக்கும் அது விலைபோகும் என்று அமெரிக்க வணிகர்கள் அறிந்தபின் தீவுகளின் தலையெழுத்து மாறியது.

முதலாம் கமேஹமேஹா மன்னர் இருந்தவரை வணிகம் அவர் கைப்பிடிக்குள் இருந்தது. 1819இல் அவர் மறைந்து மகன் லிஹோலிஹோ பட்டத்துக்கு வந்ததும் தலைவர்கள் அனைவருக்கும் அது திறந்துவிடப்பட்டது. பட்டும் மதுவும் கப்பல்களும் கடனாக வந்திறங்கின. காட்டில் வெட்டப்படாமல் நின்ற மரமே ஈடு. 1820இல் 'கிளியோபாட்ராவின் படகு' என்னும் உல்லாசக் கப்பலை லிஹோலிஹோ 8,000 பிக்கல் சந்தனத்துக்கு வாங்கினார். ஒரு பிக்கல் ஏறத்தாழ 60 கிலோ, அதாவது ஓர் ஆள் முதுகில் தாங்கும் சுமை. அரசரின் கப்பலுக்கு எட்டாயிரம் சுமை என்று நாம் கணக்கிட்டுக்கொள்ளலாம். நான்கே ஆண்டுகளில் அது கவாய்த் தீவின் கரையில் மோதி உடைந்தது.

மொலோகாய்த் தீவின் காட்டில் ஒரு குழி இன்னும் இருக்கிறது. கப்பலின் சரக்கறை எந்த வடிவமோ அந்த வடிவில், அதே அளவில் தோண்டியது. கட்டைகளால் அது நிரம்பினால் ஒரு கப்பல் சரக்கு சேர்ந்ததென்று பொருள். பிறகு அத்தனையையும் முதுகிலேற்றிக் கடற்கரைக்கு இறக்க வேண்டும். எழுத்தறியாக் குடிகளுக்கு இதைவிடத் தெளிவான கணக்கேடு வேண்டியதில்லை. அவர்கள் மலையில் கிடந்தபோது கீழே சேம்பு வயல்கள் தரிசாயின, பஞ்சம் வந்தது.

1826இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து கடனுக்கு நெருக்கின. அவ்வாண்டு டிசம்பரில் பிறந்த சட்டப்படி, ஒவ்வோர் ஆணும் 1827 செப்டம்பருக்குள் அரைப் பிக்கல் சந்தனமோ நான்கு ஸ்பானிய டாலரோ செலுத்த வேண்டும்; பெண்களுக்குப் பாயோ மரப்பட்டைத் துணியோ. பட்டு உடுத்தியவர் யார், வரி செலுத்தியவர் யார் என்று நாம் கேட்காமலிருக்க முடியவில்லை. தம் பிள்ளைகளும் இப்படிச் சுமக்கலாகாது என்று குடிகள் கண்ணில்பட்ட கன்றுகளையெல்லாம் பிடுங்கி எறிந்தார்கள் என்றொரு வாய்மொழிக் கதை உண்டு. நமக்கு அது நம்பத்தகாததாகத் தோன்றவில்லை.

மரம் அருகியது, கடன் அருகவில்லை. 1829இல் ஒவாஹு ஆளுநர் போக்கி, இன்றைய வனுவாட்டுத் தீவுகளில் சந்தனம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, நூற்றுக்கணக்கானோருடன் இரு கப்பல்களில் புறப்பட்டார். மறு ஆண்டு ஒன்று மட்டும், உயிர்பிழைத்த சிலரோடு திரும்பியது. போக்கி ஏறிய கப்பலைப் பின்பு எவரும் காணவில்லை.