கெண்டைக்கால் பெருத்த பையன்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், அக்கா பையனுக்குத் தசைச்சிதைவு நோய்னு சொல்லிட்டாங்க. என்ன சாப்பாடு கொடுத்தா தேறுவான்?" அந்தக் கேள்வி என்னை முப்பது வருடம் பின்னால் கொண்டுபோய்விட்டது.

அப்போது ஓசூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை. சிப்காட் தொழிலாளி ஒருவரின் மகன் என் வகுப்பில் இருந்தான். கெண்டைக்கால் இரண்டும் கல் மாதிரி திரண்டிருக்கும். "பயில்வான்" என்றுதான் கூப்பிடுவேன். தரையிலிருந்து எழும்போது மட்டும் தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுவான். சோம்பேறித்தனம் என்று திட்டியிருக்கிறேன்.

அப்படி எழுவதை லண்டன் மருத்துவர் கவர்ஸ் 1879-லேயே எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன்பே 1852-ல் மெரியனும், 1860-களில் பிரான்சின் டுஷேனும் இந்த நோயை விவரித்தார்கள். டுஷேன் பெயரே நிலைத்தது. பெருத்த கெண்டைக்காலில் இருப்பது பலம் அல்ல. தசை அழிந்த இடத்தில் சேர்ந்த கொழுப்பும் நாரும்தான். டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாததே காரணம் என்பது 1987-ல்தான் தெரிந்தது.

பதினொரு வயதில் அவன் நடை நின்றது. "நல்லா சாப்பிட்டா எழுந்திடுவான்" என்று சத்துணவில் ஒரு கரண்டி கூடுதலாகப் போடச் சொன்னேன். வீட்டில் அவன் அம்மா களி உருண்டையை இரண்டாக்கினார். எடை ஏறியது, எனக்குச் சந்தோஷம். ஆனால் நடக்காத உடம்புக்குச் சாப்பாட்டுச் செலவு குறைவு. ஏறியதெல்லாம் கொழுப்பு. அது மூச்சுக்கும் பாரம், தூக்கிச் சுமந்த தாயின் இடுப்புக்கும் பாரம்.

பதினாறு வயதில் பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமாக இருந்தான். மெல்லவும் விழுங்கவும் களைப்பு. மூச்சு விடுவதே உழைப்பு. "காலையில தலை வலிக்குது சார், பகல்ல தூக்கமா வருது" என்றான். பாலும் வாழைப்பழமும் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வருடம் போய்விட்டான்.

அந்தத் தலைவலி பசியால் வந்ததல்ல. இரவில் மூச்சுத் தசைகள் தளர்ந்து, கரியமில வாயு முழுதாக வெளியேறாமல் தங்கியதன் அடையாளம். இரவில் முகமூடி வழியாகக் காற்றை உள்ளே தள்ளும் கருவி 1980-களிலேயே வெளிநாடுகளில் வந்துவிட்டது. இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவர்கள் 2002-ல் கணக்கு வெளியிட்டார்கள். 1960-களில் இந்தப் பிள்ளைகளின் சராசரி ஆயுள் 14.4 வருடம். 1990-க்குப் பின் மூச்சுக் கருவி கிடைத்தவர்களுக்கு 25.3 வருடம்.

நமக்குப் பக்கத்தில் சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள், தங்களுக்கே தசைச்சிதைவு இருந்தும், ஆதவ் அறக்கட்டளை மூலம் மற்றவர்களுக்குத் துணை நின்றார்கள். மாதேவி 2017 ஜனவரியில் மறைந்தார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த நோயையும் தன் பட்டியலில் சேர்த்தது.

மாணவரிடம் சொன்னேன்: "தம்பி, சாப்பாட்டை மட்டும் பார்க்காதே. எடை ஏறினாலும் இறங்கினாலும் டாக்டரிடம் சொல்லு. ராத்திரி எப்படித் தூங்கறான், காலையில தலை வலிக்குதான்னு கேளு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நமக்குப் பக்கம்தான், மூச்சுப் பரிசோதனைக்குக் கூட்டிப் போ."

அன்று என் பயில்வானிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. நீங்களாவது கேளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார்