நெய்யின் கதை: தஞ்சை விளக்கிலிருந்து பிடோக் அடுப்பங்கரை வரை

தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் பழமொழிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 'வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தாற்போல' என்று கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது. 'தாழி என்றால் தாழ்ப்பாளா, டீச்சர்?' என்றாள் ஒரு மாணவி. 'வெண்ணெய் காகிதத்தில் சுற்றித்தானே வரும்? அதில் உடைவதற்கு என்ன இருக்கிறது?' என்றான் மற்றொருவன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாழியையும் மத்தையும் கண்ணால் காணாத பிள்ளைக்கு அந்தப் பழமொழி எப்படி விளங்கும்?

அதே வாரம் ஒரு பெற்றோர் என்னைச் சந்தித்தார். பிள்ளைக்கு நாள்தோறும் மூன்று மேசைக்கரண்டி நெய் கொடுப்பதாகவும், நினைவாற்றல் பெருகும் என்று கைப்பேசியில் படித்ததாகவும் பெருமையுடன் கூறினார். ஒருபுறம் நெய் எப்படிப் பிறக்கிறது என்றறியாத பிள்ளைகள். மறுபுறம் நெய்யை மருந்தாகவே எண்ணிவிட்ட பெற்றோர். இவ்விரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்த்தபோதுதான் நெய்யின் வரலாற்றைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். இன்று நாம் 'நெய்' என்றால் பசுநெய்யைத்தான் நினைக்கிறோம். பழந்தமிழில் அச்சொல் கொழுப்புப் பொருள் அனைத்துக்கும் பொதுவாக வழங்கியது. எள்ளிலிருந்து எடுத்த நெய் 'எள்நெய்'. அதுவே 'எண்ணெய்' ஆயிற்று. வெண்மையான நெய் 'வெண்ணெய்'. பின்னர் எண்ணெய் என்னும் சொல்லே பொதுச்சொல்லாகி, தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் எனப் பெருகியது. எள்ளுக்கும் மண்ணெண்ணெய்க்கும் எந்த உறவும் இல்லை. ஆயினும் அச்சொல்லுக்குள் எள் இன்றும் ஒளிந்திருக்கிறது. எள்ளெண்ணெய்க்கு 'நல்லெண்ணெய்' என்று தனிப்பெயர் இட்டதிலிருந்தே நம் முன்னோர் அதற்குத் தந்த மதிப்பு விளங்கும். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளின் கண்கள் விரிவதைக் காணலாம். ஆசிரியர்கள் முயன்று பாருங்கள்.

அடுத்து, நெய் எவ்வளவு அரியதாக இருந்தது என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சோழர் காலத்தில் கோயிலில் அணையாமல் எரியும் நந்தாவிளக்கு வைக்க விரும்பியவர்கள் பெரும்பாலும் ஆடுகளையோ மாடுகளையோ கொடையாக அளித்தனர். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர்கள் நாள்தோறும் குறித்த அளவு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடுகள் இறந்தாலும் மூத்தாலும் அவற்றின் குட்டிகளால் எண்ணிக்கை நிரம்பிக்கொண்டே இருக்கும் என்னும் கருத்தில் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. முதலும் குறையாது, விளக்கும் அணையாது.

1010-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இந்தக் கணக்கு மிகத் தெளிவாக உள்ளது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றுக்கு ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய். 'ஆடவல்லான்' என்று பெயர் பெற்ற கோயில் அளவையால் அதை அளந்தார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. ஆக, உழக்கு என்பது நாழியில் நான்கில் ஒரு பங்கு. ஆடுகளை மேய்த்தவருக்கும் பிழைப்பு வேண்டுமாதலால் கறந்த பால் முழுவதும் விளக்குக்கே போயிற்று என்று கொள்ளலாகாது. எனினும் நாழியில் கால்பங்கு நெய்க்கு உறுதியாக 96 ஆடுகளை ஒதுக்க வேண்டியிருந்தது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். நெய்யை நம்மவர் போற்றியதற்கு அதன் மணமும் சுவையும் மட்டும் காரணமல்ல. அதன் பின்னால் நின்ற உழைப்பும் காரணம்.

இனி நம் ஊருக்கு வருவோம். பிடோக் நார்த் நிலையத்தில் டவுன்டவுன் ரயிலில் ஏறினால் வேறு ரயில் மாறாமலே லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். வெளியே வந்ததும் கண்ணில் படுகிற பெயர்களைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். பஃபலோ ரோடு என்பது எருமைச் சாலை. கெர்பாவ் ரோடு என்பதற்கும் மலாய் மொழியில் அதே பொருள். 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைக் கொட்டில், கே.கே. மருத்துவமனையின் பெயரில் அது இன்றும் வாழ்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ரோச்சோர் ஆற்றை ஒட்டிய அந்தச் சதுப்பு நிலத்தில் நீரும் புல்லும் நிறைய இருந்தமையால் மாட்டு வணிகம் அங்கே செழித்தது. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்னும் பெருவணிகரின் பெயரைத் தாங்கிய தெருவும் அருகிலேயே உள்ளது. மாடு மேய்க்கவும் பால் கறக்கவும் வண்டி ஓட்டவும் வந்த இந்தியர்களால்தான் சிராங்கூன் சாலை நாளடைவில் நம்மவர் பகுதியாக உருப்பெற்றது. அங்குள்ள நகைக்கடைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் முன்பே மாடுகள் அங்கு இருந்தன.

நகரம் வளரவே சதுப்பு தூர்ந்தது. நகராட்சியின் கட்டுப்பாடுகளும் மிகுந்தன. மாட்டு வணிகம் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தேய்ந்துவிட்டது. அதன் பின்னரும் இந்தியப் பால்காரர்கள் வீடு வீடாகச் சென்று பால் ஊற்றி வந்தார்கள். மறுபக்கம், கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனம் புக்கிட் தீமாவில் பெரிய பால்பண்ணை ஒன்றை நடத்தியது. அப்பண்ணை இருந்த இடம் 2009 முதல் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவாக உள்ளது. அங்குள்ள வாலஸ் கல்வி நிலையம் ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டகை என்பதைப் பிள்ளைகளுடன் செல்பவர்கள் நினைவிற்கொள்க.

பால் நம்மை விட்டு எங்கும் போய்விடவில்லை; பாலேடுதான் போய்விட்டது. இன்று பேரங்காடியில் வாங்கும் பால் பெரும்பாலும், கொழுப்புத் துளிகளை மிக நுண்ணியவையாக உடைத்துப் பால் முழுவதும் பரவச் செய்த பால். எத்தனை மணிநேரம் வைத்தாலும் அதில் ஏடு பழையபடி தடிப்பாக மிதந்து வராது. ஏடு இல்லையேல் சேர்த்து உறை ஊற்ற வழியில்லை. உறை ஊற்றாவிட்டால் கடைவதற்கும் ஒன்றுமில்லை. மத்தும் தாழியும் வீட்டை விட்டுப் போனதற்கு நம் சோம்பல் மட்டும் காரணமன்று.

இந்த வரலாற்றில் இன்னொரு பாத்திரமும் உண்டு: டால்டா. தஞ்சை மாவட்டத்தில் நான் வளர்ந்த வீட்டில் நெய் என்பது சிறு கிண்ணத்தில் இருக்கும் பொருள். டால்டா என்பது டின்னில் இருக்கும் பொருள். பனைமரப் படம் போட்ட அந்த மஞ்சள் டின் காலியானதும் துளசி நட்டு வைப்போம். கிண்ணத்து நெய் எங்கள் கடைக்குட்டித் தம்பியின் பருப்புச் சோற்றுக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பண்டிகைப் பலகாரம் என்றாலும் விருந்து என்றாலும் டால்டாதான். 'இதுவும் நெய்தான், செடியிலிருந்து எடுத்தது' என்று அம்மா சொல்வார். விலையைத் தாங்க முடியாத வீட்டில், பிள்ளைகளுக்கும் நெய்ப்பலகாரம் தின்ற நிறைவு கிடைக்கட்டும் என்ற தாயன்பு அது.

டால்டா பிறந்த கதை இது. திரவ எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்கும் முறைக்கு 1902-இல் வில்ஹெல்ம் நார்மன் என்னும் செர்மானிய வேதியியலார் காப்புரிமை பெற்றார். 1911-இல் அமெரிக்காவில் கிரிஸ்கோ என்னும் பெயரில் அத்தகைய கொழுப்பு கடைக்கு வந்தது. இந்தியாவில் லீவர் நிறுவனம் 1937-இல் டால்டாவை அறிமுகப்படுத்தியது. அக்கொழுப்பை இறக்குமதி செய்துவந்த 'டாடா' என்னும் வணிகப் பெயரின் நடுவில் லீவரின் முதலெழுத்தைச் செருகி டால்டா என்று வைத்தார்கள். வனஸ்பதி நெய்யைப்போல் விற்கப்படுவதைக் காந்தியடிகள் கடுமையாக எதிர்த்தார். தடை செய்ய வேண்டும் என்ற குரல் 1950-களிலும் ஓங்கி எழுந்தது, தடை வரவில்லை.

தடைக்கு மாறாக ஒரு சுவையான சட்டம் வந்தது. வனஸ்பதியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் நல்லெண்ணெய் கலந்தே தீரவேண்டும் என்பது விதி. ஏன் தெரியுமா? நல்லெண்ணெய் கலந்த கொழுப்பு, பௌடுவான் சோதனை எனப்படும் வேதிச் சோதனையில் இளஞ்சிவப்பு நிறம் காட்டும். நெய்யில் எவரேனும் வனஸ்பதியைக் கலந்தால் அந்த நிறம் காட்டிக் கொடுத்துவிடும். தமிழின் பழைய எள்நெய், போலிநெய்யைப் பிடித்துத் தரும் ஒற்றனாகப் பணியாற்றியது!

ஆனால் கலப்படத்தைவிடப் பெரிய கேடு வனஸ்பதிக்குள்ளேயே இருந்தது. அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. 1990-இல் நெதர்லாந்து ஆய்வாளர்களான மென்சிங்கும் கட்டானும் அது இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டுவதோடு நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கவும் செய்கிறது என்று காட்டினர். 2003-இல் டென்மார்க் முதலாவதாக அதற்கு வரம்பு கட்டியது. சிங்கப்பூர் 2012-இல், சமையல் கொழுப்புகளிலும் எண்ணெய்களிலும் 100 கிராமுக்கு 2 கிராம் என வரம்பு விதித்தது. 2021 ஜூன் முதல் அவ்வாறு அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்களை உணவில் சேர்ப்பதையே தடை செய்துவிட்டது. இந்தியாவிலும் 2022 முதல் வரம்பு 2 விழுக்காடு. இச்செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தபோதெல்லாம் என் அம்மாவின் மஞ்சள் டின்தான் கண்முன் நின்றது. அன்போடு பரிமாறிய கைக்கு அதனுள் இருந்தது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அப்படியென்றால் நெய்யை எவ்வளவும் உண்ணலாமா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். நெய்யின் நலன்கள் உண்மையானவை. வீட்டில் உருக்கிய நெய்யில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். நீரும் பாற்புரதமும் நீங்கிவிடுவதால் அது எளிதில் கெடுவதில்லை. பாற்சர்க்கரையும் ஏறத்தாழ இல்லாமற் போகிறது. வெண்ணெயைவிட மிகுந்த வெப்பத்தைத் தாங்கும். உயிர்ச்சத்து ஏ-யும் உண்டு. இத்தனை இருந்தும், நெய்யில் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு என்பதை மறைக்கலாகாது. நிறைவுற்ற கொழுப்பு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2000 கலோரி உண்ணும் பெரியவருக்கு அது ஏறத்தாழ 22 கிராம். ஒரு தேக்கரண்டி நெய்யில் சுமார் 3 கிராம் இருக்கிறது. அந்தப் பெற்றோர் தந்த மூன்று மேசைக்கரண்டியிலோ சுமார் 25 கிராம்! பெரியவரின் வரம்பையே அந்தச் சிறுவன் நெய்யிலேயே தாண்டிவிடுகிறான். இதைத் தாளில் கணக்கிட்டுக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, 'எங்கள் பாட்டி ஒரு சொட்டுத்தான் விடுவார்' என்றார். பாட்டியிடம் இருந்தது அளவு. நம்மிடம் இருப்பது டின்.

பிடோக் வீட்டில் நான் நெய் உருக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் போதும். அடிகனத்த பாத்திரத்தில் சிறுதீயில் வையுங்கள். முதலில் உருகி நுரைக்கும். பின் நீர் வற்றும்வரை சடசடவென்று ஓசை கேட்கும். அந்த ஓசை அடங்கி, அடியில் கசண்டு பொன்னிறமாகி, மணம் எழும் நேரமே பதம். அப்பொழுது நீர் துடைத்த முருங்கைக் கீரை ஒரு கொத்தைப் போட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் கசண்டு கருகிவிடும். ஆறியதும் வடிகட்டி ஈரமில்லாத கண்ணாடிக் குப்பியில் ஊற்றினால் ஏறத்தாழ 200 கிராம் நெய் கிடைக்கும். ஈரக்கரண்டி இடாதீர்கள். ஒரு சிறு குப்பியைக் கண்முன்னே உருக்கி எடுத்த பிள்ளை அதை அள்ளி அள்ளிப் போடாது என்பது என் அனுபவம்.

அடுத்த வாரம் வகுப்புக்கு மூடியுள்ள நெகிழிக் குப்பியில் பாதியளவு, குளிர்ந்த விப்பிங் கிரீம் கொண்டுசென்றேன். மாணவர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் குலுக்கினார்கள். ஐந்து நிமிடத்தில் கிரீம் கெட்டியாகிக் குப்பியில் ஓசையே இல்லாமற் போயிற்று. 'கெட்டுப்போய்விட்டது டீச்சர்' என்று நிறுத்தப் பார்த்தார்கள். 'இன்னும் கொஞ்சம்' என்றேன். சில நிமிடங்களில் தளக்கென்று மோர் பிரிய, மஞ்சள் உருண்டை ஒன்று உள்ளே புரண்டது. 'திரண்டுவிட்டது!' என்று கத்தியவள், தாழியைத் தாழ்ப்பாளா என்று கேட்ட அதே மாணவி. அச்சொல்லை அதுவரை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

குப்பியை வாங்கிக் கீழே போடப்போவதுபோல் பாவனை செய்தேன். வகுப்பே 'ஐயோ!' என்று அலறியது.

'இதுதான் அந்தப் பழமொழி' என்றேன். பொருள் விளக்க வேண்டியிருக்கவில்லை.