கீழே இருப்பவர் யார்? சுரங்க விபத்தும் வாசலில் நிற்கும் குடும்பமும்

இந்தியச் சுரங்க விபத்துகளின் வரலாற்றில் குடும்பம் பெரும்பாலும் இழப்பீடு வாங்கும் இடத்தில்தான் தலைகாட்டுகிறது. 1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. உள்ளே சிக்கியவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத நாள்களில் அவருடைய வீட்டாருக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்விக்கு அதில் இடமிருக்கவில்லை. அந்தக் கேள்வி வெகு தாமதமாகவே எழுந்தது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

கேள்வி எழாத காலத்திலும் காத்திருப்பின் பயம் இருந்தது. கோலார் தங்கவயலில் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் சுரங்கத்தை ஒட்டிய லைன் வீடுகளில் வாழ்ந்தன. ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே தரை அதிரும். அதனால் செய்தி வருமுன்பே பயம் வீட்டுக்குள் வந்துவிடும்.

1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் ஒரு படி முன்னே போனது. எந்த நேரத்திலும் நிலத்தடியில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பதிவேட்டை வைக்கச் சொன்னது. விபத்து நடந்தால் அதிகாரிகளுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றது. அதன் நகலைத் தொழிற்சங்க நிர்வாகிகள் பார்க்கும்படி 14 நாளாவது அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்கவும் சொன்னது. சங்கத்தை நினைத்த சட்டம் மனைவியை நினைக்கவில்லை! 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாவில், மேலிருந்த பழைய சுரங்கத்தில் தேங்கிய நீர் உடைத்துப் பாய்ந்து 375 பேர் இறந்தபோதும் நிலை இதுதான்.

1989 நவம்பரில் ராணிகஞ்சின் மகாவீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. ஜஸ்வந்த் சிங் கில் தலைமையில் துளையிட்டு, இரும்புக் கூண்டில் 65 பேரை மேலே கொண்டுவந்தார்கள். உள்ளிருப்பவரோடு தொடர்பு வைத்துக்கொள்வதும் மீட்பில் ஒரு பாதி என்ற எண்ணம் வேரூன்ற இத்தகைய மீட்புகள் உதவின என்றே கருதுகிறேன்.

குடும்பத்துக்கெனத் தனி ஏற்பாடு அமெரிக்காவில் பிறந்ததற்குக் காரணம் ஒரு பொய்ச் செய்தி. 2006 ஜனவரியில் சாகோ சுரங்கத்தில் 13 பேர் சிக்கினர். 12 பேர் பிழைத்தார்கள் என்று தேவாலயத்தில் கூடியிருந்த உறவினர்களுக்குத் தகவல் வந்தது. சுமார் மூன்று மணி நேரம் கொண்டாடிய பிறகுதான் பிழைத்தவர் ஒருவரே என்றார்கள். அதே ஆண்டில் வந்த சட்டம், குடும்பங்களோடு பேசுவதற்கென்றே அரசுத் தரப்பில் ஆளை நியமிக்கச் சொன்னது. 2010-இல் சிலியில் 33 பேர் சிக்கியபோது, குழாயில் இறங்கி ஏறிய கடிதங்கள் குடும்பத்தையும் மீட்பின் பகுதியாக்கின.

இந்தியாவில், சில்க்யாராவில் இடிந்தது சுரங்கமல்ல, நெடுஞ்சாலைக் குகைப்பாதை. ஆனால் பாடம் ஒன்றே. 2023 நவம்பர் 12 அன்று மண் சரிந்தது. நவம்பர் 20 அன்று ஆறு அங்குலக் குழாய் உள்ளே போய்ச் சேர்ந்தது. சூடான கிச்சடியைப் புட்டியில் அடைத்து அனுப்பினார்கள்; மறுநாள் கேமராவில் முகங்கள் தெரிந்தன. உறவினர்களும் குழாய் வழியே பேசினார்கள். 17-ஆம் நாளில் எல்லோரும் வெளியே வந்தார்கள். இவ்வளவு நன்றாக நடந்த மீட்பிலும், உள்ளே இருப்பவர் 40 பேர் என்றே முதலில் அறிவித்தார்கள். 41 என்று தெரிய ஏறக்குறைய ஒரு வாரமானது. அத்தனை நாளும் ஒரு வீட்டின் பெயர் பட்டியலிலேயே இல்லை.

மேகாலயாவின் க்சானில் பட்டியல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடைசெய்த எலிவளைச் சுரங்கம் அது. 2018 டிசம்பர் 13 அன்று வெள்ளம் புகுந்தது. கடற்படை முக்குளிப்பவர்கள் வந்தும் கிடைத்தவை இரண்டு உடல்களே. பதிவேடே இல்லாத குழியில், தம் மகன் அங்கே இறங்கினான் என்பதற்குக்கூடப் பெற்றோரின் சொல்லைத் தவிர வேறு சான்று எது?