மறுமுறை ஒலித்த திரையிசை

திரைப்படத்திற்கென எழுதப்படும் இசைக்கு விந்தையானதொரு விதி உண்டு. எழுதியவர் எத்துணைப் பெரிய மேதையாயினும், அவருடைய படைப்பு வசனத்தின் அடியில் தணிந்தும், குளம்பொலியிலும் வாட்போரின் ஓசையிலும் மறைந்துமே மக்களின் செவியை எட்டுகிறது. போதாக்குறைக்கு, 1930-களிலும் 1940-களிலும் ஹாலிவுட் படங்களில் ஒலியானது படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிக்கப்பட்டது. அம்முறையில், உச்சத்தில் மின்னும் நுண்ணிய நாதங்கள் திரையரங்கை அடையுமுன் பெரிதும் மங்கிவிடும். ஆகவே அக்காலப் படங்களில் நாம் கேட்பது, ஒலிப்பதிவுக் கூடத்தில் அன்று எழுந்த இசையின் நிழல் எனலாம்.

அந்த இசையைப் பின்னாளில் பெரிய வாத்தியக் குழுக்களைக் கொண்டு புதிதாக வாசித்துப் பதிவு செய்யும் வழக்கம் மேனாடுகளில் வேரூன்றியது. இதனால் ஒரே படத்தின் இசைக்கு இரண்டு, மூன்று வடிவங்கள் இன்று கிடைக்கின்றன. அவற்றுள் எது மெய்யானது? இவ்வினாவுக்கு விடை காண, சில பதிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

எரிக் கோர்ன்கோல்டு 1897-இல் பிறந்தவர். இளம் பருவத்திலேயே வியன்னா நகரை வியக்கவைத்தவர். இசை நாடகங்கள் இயற்றிப் புகழ் பெற்றபின் ஹாலிவுட்டுக்கு வந்தவர். 1940-இல் வெளிவந்த ‘தி ஸீ ஹாக்’ என்னும் கடற்போர்ப் படத்திற்கு அவர் அமைத்த இசை மிகவும் போற்றப்படுவது. ஆயினும் 1957-இல் அவர் மறைந்தபோது, ‘சினிமாவுக்கு எழுதியவர்’ என்ற ஏளனமே இசையுலகில் மிஞ்சியிருந்தது. 1972-இல் இந்நிலை மாறத் தொடங்கியது. லண்டனில் சார்லஸ் கெர்ஹார்ட் என்பவர் நேஷனல் பில்ஹார்மானிக் வாத்தியக் குழுவை நடத்த, கோர்ன்கோல்டின் மகன் ஜார்ஜ் தயாரிப்புப் பொறுப்பை ஏற்க, ஆர்.சி.ஏ. நிறுவனம் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதைக் கேட்டவர்களுக்கு, படத்தில் மங்கலாகத் தெரிந்த ஓவியம் துலக்கப்பட்டதுபோல் இருந்தது. எக்காளங்கள் ஒருபுறம் முழங்க, யாழின் இழையோசையும் தனித்துக் கேட்டது. அவ்வெற்றியைத் தொடர்ந்து மாக்ஸ் ஸ்டைனர், மிக்லோஸ் ரோஜா முதலியோரின் இசையும் அவ்வாறே தட்டுகளாக வெளிவந்தன.

எனினும் கெர்ஹார்ட் தந்தவை தெரிந்தெடுத்த பகுதிகள். கச்சேரிக்கு ஏற்றவாறு தொடுத்த மலர்ச்சரம். 2007-இல் வில்லியம் ஸ்ட்ரோம்பெர்க் மாஸ்கோ வாத்தியக் குழுவைக் கொண்டு அதே படத்தின் இசையை விரிவாகப் பதிவு செய்து அளித்தார். முன்னதில் காணும் பளபளப்பு பின்னதில் எங்கும் ஒருசேர இல்லை. ஆனால் தலைப்பில் வீரமாக எழும் ஒரு மெட்டு, காதல் காட்சியில் எவ்வாறு குழைகிறது, போரில் எவ்வாறு சிதறுகிறது, இறுதியில் எவ்வாறு வெற்றியாகத் திரும்புகிறது என்னும் கட்டுக்கோப்பு, விரிவான வடிவிலேதான் புலனாகிறது. ஒன்று அழகைக் காட்டுகிறது. மற்றொன்று அமைப்பைக் காட்டுகிறது.

அடுத்த உதாரணம் இதனினும் சுவையானது. ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கிய ‘சைக்கோ’ 1960-இல் வெளியாயிற்று. அதற்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே கையாண்டார். குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாமென்று முதலில் கருதிய இயக்குநர், ஹெர்மன் எழுதியதைக் கேட்டபின் மனம் மாறினார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1975-இல், ஹெர்மனே லண்டனில் அவ்விசையைப் புதிதாக நடத்திப் பதிவு செய்தார். எழுதியவரே நடத்தியதால் அது படத்தில் உள்ளதை ஒத்திருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் காலப்பிரமாணம் தளர்ந்து நிற்கிறது. படத்தில் துரத்தியோடும் இசை, இங்கே கனத்த அடி எடுத்து வைக்கிறது. அச்சம் குறைந்து துயரம் மிகுகிறது. அவ்வாண்டு டிசம்பரில் ஹெர்மன் காலமானார். 1990-களில் ஜோயல் மக்நீலி ஸ்காட்லாந்து தேசிய வாத்தியக் குழுவைக் கொண்டு செய்த பதிவோ, படத்தின் வேகத்தை ஒட்டிச் செல்கிறது. எழுதியவரின் கையைவிட, பின்வந்தவரின் கை படத்திற்கு அணுக்கமாக இருப்பதைக் காண்கிறோம்!

இதைக் குறையென்று கொள்ளலாகாது. ஒரே கீர்த்தனையை ஒரே வித்துவான் இளமையில் ஒரு நடையிலும் முதுமையில் வேறொரு நடையிலும் பாடக் கேட்டவர்கள் நாம். காட்சியின் நொடிக்கணக்குக்குக் கட்டுப்பட்டிருந்த இசை, அக்கட்டு நீங்கியதும் தன் இயல்பான மூச்சை நாடுகிறது.

இம்முயற்சிகளுக்கெல்லாம் ஆதாரம் கையெழுத்து ஏடுகள். அவை அழிந்தால் என்னாகும்? மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் 1960-களின் இறுதியில் தன் இசை நூலகத்தைக் குப்பையெனக் கருதி அப்புறப்படுத்திவிட்டது. வாத்தியந்தோறும் பிரித்தெழுதிய எண்ணற்ற ஏடுகள் மண்ணுக்கு இரையாயின. பல்லாண்டுகளுக்குப் பின் ஜான் வில்சன் என்னும் ஆங்கிலேயர், எஞ்சியிருந்த சுருக்கக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு வாத்தியத்தின் பங்கையும் செவியால் பிரித்தறிந்து எழுதினார். அவ்வாறு மீட்ட இசை 2009-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் முழங்கிற்று. மங்கலான நிழல் என்று முன்பு கூறிய அதே பழைய ஒலித்தடந்தான் இங்கே காப்பாற்றும் சாட்சியாயிற்று.

ஆதலின் நம் வினாவுக்கு விடை இதுவே: மறுபதிவு நகலன்று; பழம்பதிவும் கழிபொருளன்று. பழம்பதிவில் அன்றைய வாசிப்பின் துடிப்பு இருக்கிறது. மறுபதிவில் ஏட்டில் எழுதியது முழுமையாகத் தெரிகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கே அக்கலைஞரின் முழு உருவம் கிட்டும். ஒலித்தடத்தையும் ஏட்டையும் ஒருங்கே பேணுவது இசையை உடைய எந்நாட்டுக்கும் கடமையாகும்.