பாஸ்பீன் ஈந்தணைவிகளைக் கொண்ட உலோகக் கார்பனைல் கொத்துகள்

உலோகக் கார்பனைல் கொத்து என்பது, ஒன்றோடொன்று பிணைந்த மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உலோக அணுக்களைச் சுற்றிக் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் ஈந்தணைவிகளாக அமைந்த சேர்மம் ஆகும். இவற்றுள் சில கார்பனைல்களை நீக்கி, அவ்விடத்தில் பாஸ்பீன்களைப் புகுத்தலாம். இதற்கு மிகுதியாகப் பயன்படுவது டிரைபீனைல்பாஸ்பீன் ஆகும். இதில் ஒரு பாஸ்பரஸ் அணுவுடன் மூன்று பீனைல் தொகுதிகள் இணைந்துள்ளன. இரும்பு, ருத்தேனியம், ஓஸ்மியம் ஆகியவற்றின் மூவணுக் கொத்துகளே இவ்வகையில் நன்கு ஆராயப்பட்டவை.

எலக்ட்ரான் கணக்கு

இரும்பு அணு ஒன்றுக்கு 8 இணைதிறன் எலக்ட்ரான்கள் உண்டு. மூன்று அணுக்கள் 24 எலக்ட்ரான்களையும், 12 கார்பனைல்கள் தலா இரண்டாக 24 எலக்ட்ரான்களையும் தருகின்றன; மொத்தம் 48. ஒவ்வோர் உலோக அணுவும் 18 எலக்ட்ரான்களைப் பெற 54 தேவை. குறையும் ஆறு எலக்ட்ரான்களை மூன்று உலோக-உலோகப் பிணைப்புகள் ஈடுசெய்கின்றன. ஆகவே உலோக அணுக்கள் முக்கோணமாக அமைகின்றன. பாஸ்பீனும் இரண்டு எலக்ட்ரான்களையே வழங்குவதால், பதிலீட்டுக்குப் பின்னும் இக்கணக்கு மாறுவதில்லை.

இரும்புக் கொத்தின் புதிர்

கரும்பச்சை நிறமுடைய மூவிரும்பு பன்னிருகார்பனைலின் கட்டமைப்பு நெடுங்காலம் தெளிவாகவில்லை. தொடக்கத்தில் அதன் வாய்பாடே ஓர் இரும்புக்கு நான்கு கார்பனைல் என்று தவறாக எழுதப்பட்டது. எக்ஸ்-கதிர் ஆய்வில் வேறொரு சிக்கல் எழுந்தது. படிகத்தின் அலகுக் கூட்டில் இரண்டு மூலக்கூறுகளே இருந்தன. படிகச் சமச்சீரின்படி அவை தலைகீழாக்க மையத்தின் மீது அமர வேண்டும். முக்கோணத்திற்கோ அத்தகைய மையம் கிடையாது! படிகத்தில் பாதி மூலக்கூறுகள் ஒரு திசையிலும், மறுபாதி எதிர்த்திசையிலும் ஒழுங்கின்றி அமைந்திருந்தன. இதனால் எலக்ட்ரான் அடர்த்திப் படத்தில் மூன்று இரும்பு அணுக்களுக்குப் பதிலாக, ஆறுமுனை விண்மீன் போன்ற ஆறு 'அரை இரும்புகள்' தென்பட்டன. கார்பனைல்களின் இடத்தை உறுதியாகக் கூறுவது எளிதாக இல்லை.

மாஸ்பவர் நிறமாலை இருவகை இரும்பு அணுக்கள் 2:1 விகிதத்தில் இருப்பதைக் காட்டியது. 1965இல் டால், பிளவுண்ட் ஆகியோர் இதனோடு தொடர்புடைய ஹைட்ரைடு எதிரயனியின் கட்டமைப்பை வெளியிட்டனர். பன்னிருகார்பனைலில் பத்துக் கார்பனைல்கள் முனைகளிலும், இரண்டு ஒரே இரும்பு-இரும்பு விளிம்பின் பாலங்களாகவும் உள்ளன என்ற கருத்து இவற்றால் வலுப்பெற்றது.

பாஸ்பீன் சேர்மம் இதற்கு நல்ல சான்றாக அமைந்தது. ஒரு கார்பனைலுக்குப் பதிலாகப் பருமனான டிரைபீனைல்பாஸ்பீன் வந்தவுடன் மூலக்கூறின் உருண்டை வடிவம் குலைகிறது. முக்கோணம் இரு திசைகளிலும் அமரும் வாய்ப்பும் அற்றுப்போகிறது. 1968இல் டாம், ஜேக்கப்சன் ஆகியோர் வெளியிட்ட இதன் படிகக் கட்டமைப்பில் இரட்டைக் கார்பனைல் பாலம் காணப்பட்டது. ஒரே படிகத்தில் இரண்டு மாற்றியங்கள் அருகருகே இருந்தது இதில் வியப்புக்குரியது. ஒன்றில் பாஸ்பீன் பாலமில்லாத இரும்புடனும், மற்றொன்றில் பாலமுடைய இரும்புடனும் பிணைந்திருந்தது. பன்னிருகார்பனைலின் கட்டமைப்பை வெய், டால் ஆகியோர் 1969இல் விரிவாக விளக்கினர். 1974இல் காட்டன், டிரூப் ஆகியோர் அதனை மேலும் துல்லியமாக்கினர்: பாலமுள்ள விளிம்பின் நீளம் 2.56 ஆங்ஸ்ட்ராம், மற்றவை ஏறத்தாழ 2.68 ஆங்ஸ்ட்ராம்.

ருத்தேனியம், ஓஸ்மியம்

இவ்விரு உலோகங்களின் பன்னிருகார்பனைல்களில் பாலங்கள் இல்லை. 12 கார்பனைல்களும் முனைகளிலேயே உள்ளன. உலோகப் பிணைப்பின் சராசரி நீளம் ருத்தேனியத்தில் 2.85, ஓஸ்மியத்தில் 2.88 ஆங்ஸ்ட்ராம் ஆகும். சிறிய இரும்பு முக்கோணம், கார்பனைல்கள் உருவாக்கும் இருபதுமுகி போன்ற கூட்டினுள் அடங்கிவிடுகிறது. பெரிய முக்கோணத்திற்கு வேறு வடிவக் கூடு தேவைப்படுகிறது என்பது ஒரு விளக்கம்.

டிரைபீனைல்பாஸ்பீன் இங்கு முக்கோணத்தின் தளத்திலேயே அமர்கிறது. தளத்திற்கு மேலும் கீழும் உள்ள இடங்களில் அடுத்த அணுக்களின் கார்பனைல்கள் நெருக்குவதே காரணம். மூன்று பாஸ்பீன்கள் சேரும்போது ஒவ்வொன்றும் தனித்தனி உலோக அணுவைப் பற்றுகிறது. பாஸ்பீனுக்கு அருகிலுள்ள உலோகப் பிணைப்பு சற்று நீள்வதும் உண்டு. இரண்டு பாஸ்பரஸ் அணுக்களையுடைய டைபாஸ்பீன்கள் சில, முக்கோணத்தின் ஒரு விளிம்பை இணைத்துப் பாலமாகின்றன.

வினைகள்

இரும்புக் கொத்து டிரைபீனைல்பாஸ்பீனுடன் வினைபுரியும்போது எளிதில் உடைந்து, ஓர் இரும்பு அணு மட்டுமுள்ள கார்பனைல் பாஸ்பீன்களைத் தருகிறது. ருத்தேனியத்தின் முக்கோணம் இதைவிட உறுதியானது. ஓஸ்மியத்தினுடையது அதனினும் உறுதியானது. கரைசலில் இரும்புக் கொத்தின் கார்பனைல்கள் விரைந்து இடம் மாறிக்கொள்வதால், அதன் கார்பன்-13 அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் மிகக் குறைந்த வெப்பநிலையிலும் ஒரே கோடுதான் தோன்றுகிறது. படிகத்தில் கண்ட பாலங்களைக் கரைசலில் தனித்துக் காண இயலாமைக்கு இதுவே காரணம்.